தடவிப் பார்த்து வாங்கியவர்

என் மூத்தார் எந்தப் பொருளையும் முதலில் கண்ணால் பார்க்க மாட்டார். கண்ணை வேறெங்காவது, தெருவில் போகிற ஜட்கா வண்டி மேலோ கடைக்காரர் தலைக்கு மேல் தொங்குகிற படத்தின் மேலோ வைத்துக்கொண்டு, வலது கையின் நடு விரல்கள் மூன்றையும் பொருளின் மேல் ஊர விடுவார். விரல் போய்க்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் நிற்கும். கொஞ்சம் பின்னால் வந்து அதே இடத்தை இன்னொரு தடவை தொடும். அப்புறம்தான் கண் கீழே இறங்கும். இறங்கும்போது அந்தக் கண்ணில் ஒரு சந்தோஷம் இருக்கும். குழந்தைக்கு மிட்டாய் கிடைத்த மாதிரி. பழுது கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

மூத்தார் என்றால் என் வீட்டுக்காரருக்கு அண்ணன். ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் மண்டியில் தரம் பிரிக்கிற மேஸ்திரி. பதனிட்டுக் காயவைத்த தோல்கள் அவர் முன்னால் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றாகத் தடவி முதல் தரம், ரெண்டாந்தரம், ரிஜெக்ட் என்று மூன்று பக்கமும் வீசுவார். உரிக்கும்போது கத்தி பட்ட கீறல், உண்ணி கடித்த துளை, மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பு, எதுவும் அந்த விரல்களுக்குத் தப்பாது. மேஸ்திரி வீசிய தோலை மெட்ராஸ் வியாபாரி திருப்பிப் பார்ப்பதில்லை என்று சாயபு பெருமையாகச் சொல்லுவார்.

மண்டியோடு அது நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க வேண்டாம்.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த அன்று பெரியவர்கள் எல்லாரையும் வணங்கினேன். அவர் முறை வந்தபோது குனிந்தேன். ஆசீர்வாதம் பண்ணுவார் என்று தலை குனிந்தபடியே நின்றேன். அவர் கை என் தலைக்கு வரவில்லை. முந்தானையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. "பார்டர்ல ரெண்டு எடத்துல இழை விட்டிருக்குது. உங்கப்பாவ நல்லா ஏமாத்திட்டானுங்க" என்றார். கூடத்தில் என் அப்பா நின்றுகொண்டிருந்தார். என் அப்பாவின் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆனால் ஊரில் அவருக்கு மரியாதை இருந்தது. எங்கள் தெருவில் பாதி வீட்டுச் சமையலறை அவர் பொறுக்கிக் கொடுத்ததுதான். பெண்ணுக்குச் சீர் வாங்க வேண்டும், பழைய அண்டா ஒழுகுகிறது, காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷின் கைப்பிடி உடைந்துவிட்டது என்று யார் வந்து கூப்பிட்டாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு வாய் காப்பிகூட அவர்களிடம் வாங்கிக் குடிக்க மாட்டார். எங்களைப் போன்ற நடுத்தரக் கைக்கு எது அடக்கம், எந்தப் பித்தளை ரெண்டு வருஷத்தில் பல்லிளிக்கும், எந்த இரும்புக்கு மேல்பூச்சுதான் அழகு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் பொறுக்கிக் கொடுத்த பாத்திரம் ஒன்றுகூட எந்த வீட்டிலும் ஒழுகியதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சொந்த வீட்டுக்கு வாங்கும்போது மட்டும் வேறு மாதிரி. அப்போது அக்காவையும் கூட்டிக்கொண்டு போவார்.

அக்கா என்று நான் கூப்பிட்டது என் ஓரகத்தியை, அதாவது மூத்தாரின் மனைவியை. பேரணாம்பட்டுப் பெண். அதிகம் பேசமாட்டாள். என் மாமியார் காலமான பிறகு அந்த வீட்டு அடுப்பங்கரை அவள் கையில் இருந்தது. நான் அவளுக்குக் கூடமாட வேலை செய்தேன். வீட்டில் ஏதாவது உடைந்தால் அவள் முகம் வெளிறிவிடும். உடைந்ததற்காக இல்லை. மறுபடி வாங்கப் போக வேண்டுமே என்று.

நான் வந்த வருஷம் சோறு வடிக்கிற வெண்கலப் பானை அடியில் விரிசல் விட்டது. மூன்று பேருமாக ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஜட்காவில் பாலாற்றைத் தாண்டி வேலூர் லாங்கு பஜாருக்குப் போனோம். கடையில் பானைகளை வரிசையாக எடுத்து வைத்தார்கள். மூத்தார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ பொறுக்கு. நீதானே ஆக்கப்போறவ" என்றார் அக்காவிடம்.

நான் அதைப் பிரியம் என்று நினைத்தேன். அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அவள் நெற்றியில் வேர்த்திருந்தது. கடைசியில் ஒன்றை முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"இதா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் கை முன்னால் வந்தது. விரல்கள் பானையின் கழுத்திலிருந்து இறங்கின. வயிற்றுக்குக் கீழே ஓரிடத்தில் நின்றன. பானையைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்து, அக்காவின் தலையை மற்றொரு கையால் பிடித்து உள்ளே குனிய வைத்தார். "இன்னா தெரியுது?" அவள் பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லு, இன்னா தெரியுது?" ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சம். கடைப் பையன்கள் சிரித்தார்கள். கடைக்காரர் அவசரமாக, "அது எங்க கண்ணுக்கே தப்பிடுச்சு மேஸ்திரி, அவங்க இன்னா பண்ணுவாங்க" என்றார். மூத்தார் வேறொரு பானையை இரண்டு நிமிஷத்தில் எடுத்தார். அருமையான பானை. இருபது வருஷம் உழைத்தது. ஆனால் அடுத்த ஒரு மாசம் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த ஊசிமுனை வெளிச்சத்தின் கதை நடந்தது, அக்கா அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைக்கிற நேரம் பார்த்து.

ஆட்டுக்கல் கதை இதைவிட மோசம். பழைய கல் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது, அரிசி அரைபடவில்லை. பேரணாம்பட்டு போகிற சாலையோரத்தில் கல் கொத்துகிறவர்கள் இருந்தார்கள். அங்கேயும் "நீ பொறுக்கு" என்றார். அக்கா பொறுக்கினாள். அவர் விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் கல்லின் மேல் ஊற்றினார். வெயிலில் கல் முழுவதும் காய்ந்தது. ஒரு கோடு மட்டும் ஈரமாகவே நின்றது. உள்ளே விரிசல். கொத்துகிறவன் தலையைச் சொறிந்துகொண்டு வேறு கல் உருட்டிக்கொண்டு வந்தான்.

"வேணாம். இத்தையே வண்டியில ஏத்து" என்றார் மூத்தார். அக்கா பக்கம் திரும்பி, "நீ எடுத்தது. நீயே அரை" என்றார்.

அவ்வளவு தூரம் பார்த்துப் பார்த்து வாங்குகிற மனிதர், கெட்ட கல் என்று தெரிந்தே அதற்குக் காசு கொடுத்தார். அந்தக் கல் மாவில் மணல் விட்டது. அக்கா மாவைத் துணியில் வடிகட்டுவாள், கையால் துழாவுவாள், அப்படியும் இட்டிலியில் ஒரு பொடிக்கல் போய்விடும். அவர் அதை நாக்கால் கண்டுபிடித்து வெளியே எடுத்து, இலையின் ஓரத்தில் வைப்பார். அடுத்தது கிடைத்தால் அதன் பக்கத்தில். சாப்பிட்டு எழும்போது இலையோரம் வரிசையாக அந்தக் கற்கள் இருக்கும். இலையை எடுக்கிறவள் அவள்தான். வேறு கல் வாங்கலாம் என்று என் வீட்டுக்காரர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "பொறுக்கத் தெரியாதவங்களுக்கு இது பாடம்டா" என்று பதில் வந்தது. பாடம் பல வருஷம் நடந்தது.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து தவறிப் போனது. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது அது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் மூத்தார் சொன்னாராம்: "பொறந்த அன்னிக்கே நெஞ்சத் தொட்டுப் பாத்தேன். தேறாதுன்னு அப்பவே தெரியும்." சொன்னது பலித்துவிட்ட மாதிரி. போதகர் ஜெபம் சொல்ல வந்து நின்றுகொண்டிருந்தபோதே சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது அக்கா இல்லை, பக்கத்து வீட்டுக்காரி. அக்கா அந்தக் குழந்தையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தக் காலத்தில் விறகு விலை ஏறிக்கொண்டே போனது. சாயபு வீட்டில் பம்பு அடிக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று வந்திருந்தது. பித்தளையில் பளபளவென்று மூன்று காலில் நிற்கும், கரி கிடையாது, புகை கிடையாது, ஒரு ஆழாக்கு எண்ணெயில் ஒரு வேளைச் சமையல் முடிந்துவிடும் என்று மூத்தார் வந்து சொன்னார். எங்கள் மண் அடுப்பும் ஒரு பக்கம் இடிந்து, செங்கல்லை முட்டுக் கொடுத்துதான் எரித்துக்கொண்டிருந்தோம். புது ஸ்டவ் விசாரித்தார். எங்களுக்குக் கட்டாது. கொஞ்ச நாளில் வேலூரில் தோல் ஏஜெண்டாக இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பப் போகிறார், அவர் பங்களாச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று சேதி வந்தது. சாமான் பட்டியலில் ஸ்டவ்வும் இருந்தது.

ஏலத்துக்கு அக்காவும் நானும்கூடப் போனோம். பங்களா முற்றத்தில் கட்டில், நாற்காலி, கண்ணாடி பீரோ எல்லாம் வெயிலில் கிடந்தன. ஸ்டவ் ஒரு மேஜை மேல் இருந்தது. தாகமாக இருக்கிறது என்று அக்கா பின்கட்டுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். அங்கே அந்த வீட்டு பட்லர், வயசானவர், எங்களுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தார். அக்காவின் கையைப் பார்த்தார். விறகுச் சூடும் சாம்பலும் பட்டுப்பட்டுக் கறுத்திருந்த கை.

"ஸ்டவ்வு வாங்கவா வந்தீங்க? நீதான் பத்த வைப்பியாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "வேணாம்மா. அடியில ஈயம் வச்ச ஒட்டு விட்டுப்போச்சு. துரை சொன்னாருன்னு நான்தான் சோப்பு வச்சு அடைச்சு மேல பாலீஷ் போட்டேன். சோப்பு போச்சுன்னா எண்ணெ ஒழுவும். நான் சொன்னேன்னு சொல்லிடாத, எனக்கு இன்னும் சம்பளம் வரணும்."

நாங்கள் முற்றத்துக்கு வந்தபோது மூத்தார் ஸ்டவ்வின் மேல் கையை விட்டுக்கொண்டிருந்தார். கண் பங்களாவின் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றி ஏழெட்டுப் பேர், அவரை அறிந்தவர்கள், என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். விரல் எண்ணெய்த் தொட்டியைச் சுற்றியது, அடியில் போனது, எங்கும் நிற்காமல் வெளியே வந்தது.

"முதல் தரம்" என்றார்.

அக்கா அவர் பக்கத்தில் போனாள். அத்தனை ஆண்கள் நடுவில் அவள் பேசி நான் பார்த்ததில்லை. "ஏங்க, அடியில கொஞ்சம் நல்லாப் பாருங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "பாத்தீங்களா, எங்க வீட்டுல எனக்கு மேல ஒரு மேஸ்திரி இருக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "வெண்கலப் பானையில ஓட்ட இருந்தது தெரியல. கல்லுல விரிசல் இருந்தது தெரியல. ஸ்டவ்வு அடியில இன்னாமோ தெரிஞ்சிடுச்சாம். இன்னா தெரிஞ்சுது, சொல்லு கேப்போம்."

அவள் வாயைத் திறந்தாள். பட்லர் சமையலறை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல" என்றாள்.

மூத்தார் ஏலத்தில் எடுத்தார். அன்று ராத்திரி நான் என் வீட்டுக்காரரிடம் பட்லர் சொன்னதைச் சொன்னேன். "அண்ணன்கிட்ட யார் போய் சொல்றது, நீ சொல்றியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஸ்டவ்வை உடனே பற்றவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் மண்டியிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து அவர்கள் எதிரில் காப்பி போட்டுக் காட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். சனிக்கிழமை சாயந்திரம் அக்காவிடம், "நல்லாத் தேய்ச்சு வை. மூஞ்சி தெரியணும்" என்றார்.

அக்கா புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். போனவள் நின்று திரும்பி, "அடிப்பக்கமும் தேய்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

"அடிய உட்டுட்டுத் தேய்ப்பியா? இன்னா கேள்வி இது?"

அவள் வெந்நீர் வைத்துக்கொண்டு தேய்த்தாள். பித்தளை தேய்க்க வெந்நீர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஸ்டவ்வைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தை அவள் தேய்த்த தேய்ப்பில் தேங்காய் நார் சின்னாபின்னமாகிவிட்டது. கொஞ்சம் நுரை வந்தது. அதையும் தண்ணீர் ஊற்றி அலசினாள். அவள் தெரிந்து செய்தாள் என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்டாள். அவர் தேய்க்கச் சொன்னார். நடந்தது அவ்வளவுதான்.

மறுநாள் விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். அடுப்பங்கரை வாசலில் பலகை போட்டு ஸ்டவ்வை வைத்து அக்காவைக் கூப்பிட்டார் மூத்தார். "வா, பத்த வை. நான் சொல்றேன், நீ செய்."

"எனக்குத் தெரியாது. நீங்களே பத்த வைங்க" என்றாள் அக்கா.

அவர் சொன்னதை அவள் மறுத்தது அன்றைக்குத்தான். வந்தவர்கள் இருந்ததால் அவர் சிரித்து மழுப்பினார். "பயம்! பொம்பளைங்க நம்பறது அந்தக் கரி அடுப்பத்தான்" என்று சொல்லிக்கொண்டே எண்ணெய் ஊற்றினார். ஸ்டவ்வின் சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் விட்டுக் கொளுத்தினார். சூடேறியதும் பம்பு அடித்தார். நீல ஜ்வாலை வட்டமாக எழுந்து உறுமத் தொடங்கியது. எல்லாரும் ஆகா என்றார்கள். அவர் இன்னும் அடித்தார். உறுமல் ஏறியது.

மண்ணெண்ணெய் வாடை எனக்கே வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். அவர் குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பேச்சை நிறுத்தாமல், கண்ணை விருந்தாளிகள் மேலேயே வைத்துக்கொண்டு, வலது கையைத் தொட்டிக்கு அடியில் விட்டார். விரல் போய் ஓரிடத்தில் நின்றது. கொஞ்சம் பின்னால் வந்து அதே இடத்தை இன்னொரு தடவை தொட்டது. அவர் கண் கீழே இறங்குவதற்குள் கை முழுவதும் எண்ணெய், எண்ணெய் முழுவதும் தீ.

அவர் போட்ட சத்தத்தில் தெரு திரண்டுவிட்டது. மற்றவர்கள் எழுந்து ஓடினார்கள். அக்கா ஓடவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நனைத்த கோணிப்பை ஒன்று மடித்து வைத்திருந்தது. அதை எடுத்து அவர் கையின் மேல் போட்டுச் சுற்றி அமுக்கினாள். இன்னொரு கோணியை ஸ்டவ்வின் மேல் வீசினாள். நெருப்பு அடங்கிவிட்டது. அவள் இல்லாவிட்டால் ஆள் பிழைத்திருக்க மாட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான். மற்ற நாட்களில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நனைத்த கோணி இருப்பதில்லை. அதுவும் உண்மை.

வேலூர் ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை, கையும் தப்பியது. ஆனால் விரல் நுனிகளில் புதுத் தோல் மூடியது. ரோஜா நிறத்தில், கண்ணாடி மாதிரி வழவழப்பாக, ரேகை இல்லாத தோல். ஊசியால் குத்தினாலும் அவருக்குத் தெரியவில்லை. இடது கையும் அணைக்கப் போய் வெந்திருந்ததால் இரண்டு கையிலும் கட்டு. வீட்டுக்கு வந்த பிறகும் அக்காதான் ஊட்டினாள்.

அந்தக் காட்சியைத் தினமும் பார்த்தேன். சுவரில் சாய்ந்து அவர் உட்கார்ந்திருப்பார். அவள் எதிரில் உட்கார்ந்து பிசைந்து உருட்டி வாயில் வைப்பாள். அந்த நிலைமையிலும் அவர் விடவில்லை. "உப்பு கம்மி" என்பார். "அரிசி பழசு, ஏமாந்துட்டே" என்று தொடங்குவார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த உருண்டை வாய்க்குள் போய்விடும். நாளாக நாளாக உருண்டை பெரிதானது. பேச வாய் திறந்தால் சோறு, திறக்காவிட்டால் பட்டினி. அவள் முகத்தில் கோபம் இருக்காது. நிதானமாக, ஒரு வேலையைச் செய்கிற மாதிரிச் செய்வாள்.

ஒரு நாள் இட்டிலியில் கல் அகப்பட்டது. அவர் மென்றுகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். நாக்கு ஒரு கன்னத்தில் துருத்தியது. கட்டுப் போட்ட கைகளைத் தூக்கினார், தூக்கி என்ன செய்ய, அப்படியே வைத்துக்கொண்டார். அவளைப் பார்த்தார். அவள் கையை நீட்டினால் அதில் துப்பியிருப்பார். அவள் நீட்டவில்லை.

"முழுங்குங்க" என்றாள்.

விழுங்கினார்.

கட்டுப் பிரித்ததும் மண்டிக்குப் போனார். சாயபு நல்ல மனிதர், பழைய இடத்திலேயே உட்காரவைத்தார். கொஞ்ச நாளில் மெட்ராஸிலிருந்து ஒரு தோல் கட்டு திரும்பி வந்தது. அப்புறம் இன்னொன்று. என் வீட்டுக்காரரும் அதே மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்ததால் அன்று நடந்ததை நேரில் பார்த்தார். சாயபு இரண்டு தோலை எடுத்து மூத்தார் முன்னால் வைத்து, "மேஸ்திரி, பேஜார் ஆயிட்டே போவுது. இந்த ரெண்டையும் பாத்துச் சொல்லுங்க" என்றார். மூத்தார் கூரையைப் பார்த்துக்கொண்டே தடவினார். ஒன்றில் காசு நுழைகிற அளவுக்கு ஓட்டை, பகல் வெளிச்சம் அதன் வழியே மேஜை மேல் விழுந்துகொண்டிருந்தது. சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. கண்ணைக் கொஞ்சம் இறக்கியிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். இறக்கவில்லை.

"ரெண்டுமே முதல் தரம்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சிரித்திருந்தால் தேவலை என்றும் சொன்னார். மறுநாளிலிருந்து ஆவாரம்பட்டை ஷெட்டில் வேலை. பதனிடுவதற்கு வருகிற பட்டைக் கட்டுகள் வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வேண்டியதை அதற்கப்புறம் அக்காவே வாங்கினாள். முதல் வேலையாக ஆட்டுக்கல்லை உருட்டித் தெருவில் போட்டுவிட்டு வேறு கல் வாங்கினாள். நல்ல கல். அவளுக்குப் பொறுக்கத் தெரிந்துதான் இருந்திருக்கிறது, அவர் பக்கத்தில் நிற்காவிட்டால்.

சில வருஷம் கழித்து எங்களுக்குக் குழந்தைகள் வளர்ந்து இடம் போதாமல் நாங்கள் தனியாகப் போனோம். எனக்கு விறகடுப்பு வேண்டாம், ஸ்டவ் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அதற்குள் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. வேலூருக்குக் கிளம்பியபோது மூத்தார் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அவரை யாரும் எதற்கும் கூப்பிடாமல் போய் ரொம்ப நாளாகியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

கடையில் இரண்டு ரகம் இருந்தது. "சத்தம் போடாதது வெல ஜாஸ்தி. சத்தம் போடுறது கம்மி. ரெண்டும் ஒண்ணாத்தான் எரியும்" என்றார் கடைக்காரர். நான் விலை குறைந்ததைக் காட்டினேன். மூத்தார் அதைக் கையில் வாங்கினார். விரல்களை வைத்தார், எடுத்தார். அப்புறம் ஸ்டவ்வைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டியைக் கன்னத்தில் மெதுவாக உருட்டினார். நரைத்த தாடி பித்தளையில் உரசுகிற சத்தம் கேட்டது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். கடைப் பையன் ஒருவன், "தாத்தா, முத்தம் குடுக்கறியா?" என்றான். கடையே சிரித்தது. அவர் அடிப்பக்கத்தையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"வேணாம்மா. இது வேணாம்" என்றார் என்னிடம்.

"இன்னாங்க பழுது?" என்று கடைக்காரர் கேட்டார்.

அவர் ஸ்டவ்வைக் கீழே வைத்தார். பழுது ஒன்றும் இல்லை. கடைக்காரர் எங்கள் எதிரிலேயே பற்றவைத்துக் காட்டினார், மூத்தார் அதற்குள் கடையை விட்டு இறங்கிச் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். நாங்கள் அதையே வாங்கினோம். பதினைந்து வருஷம் ஒரு சொட்டு ஒழுகாமல் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் அவரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அக்கா நேரே அடுப்பங்கரைக்கு வந்துவிடுவாள். அவர் முன்னறையில் நாற்காலியில் உட்காருவார். எங்கள் வீட்டில் மண் அடுப்பும் ஒன்று இருந்தது, அதில் எப்போதும் கொஞ்சம் தணல் கிடக்கும். காப்பிக்கு அதுவே போதும். நான் அதில் பாத்திரத்தை வைக்கப் போனால் அக்கா தடுத்துவிடுவாள்.

"அது எதுக்கு? ஸ்டவ்வப் பத்த வை" என்பாள்.

பற்றவைப்பேன். பம்பை அவள் வாங்கிக்கொள்வாள். உறுமல் எழுந்ததும் முன்னறையில் நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்கும். அவர் எழுந்து வாசலுக்குப் போவார். அங்கிருந்து தெருவுக்கு இறங்கி, எதிர்வீட்டுச் சுவரோரம் நிற்பார். கைகள் இரண்டையும் அக்குளில் சொருகிக்கொண்டு, எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார். அடுப்பங்கரை ஜன்னலிலிருந்து அது நன்றாகத் தெரியும். அக்கா அந்த ஜன்னல் பக்கம் பார்த்துத்தான் பலகையைப் போட்டுக்கொள்வாள்.

பால் பொங்கிவிடும். "இறக்கிட்டேன்க்கா, அணைச்சிடலாமா?" என்று கேட்பேன்.

"இருக்கட்டும்" என்பாள். ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் பம்பை இன்னும் நாலு அடி அடிப்பாள்.